காரின் எஞ்சின் எண்ணெயை நாமே மாற்றுவோம்

பால்மரம் வெட்டும் ஒவ்வொருவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. கத்தி மழுங்கினால் மரம் காயப்படும். மரம் காயப்பட்டால் பட்டை கெடும். பட்டை கெட்டால் நாளைய பால் குறையும். ஆகவேதான் கத்தியைத் தீட்டாமல் எவரும் மரத்தடிக்குச் செல்வதில்லை. கத்திக்குக் காட்டும் இந்த அக்கறையை நம் வீட்டு வாசலில் நிற்கும் காருக்கும் காட்டுகின்றோமா என்பதை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒரு காலத்தில் தோட்டத்தில் கார் என்றால் அது நிர்வாகியின் பங்களாவில் மட்டுமே காணக்கூடிய பொருளாக இருந்தது. 1985ஆம் ஆண்டில் புரோட்டோன் சாகாவும், 1994ஆம் ஆண்டில் பெரோடுவா கஞ்சிலும் வெளிவந்தன. அவை பழைய வண்டிகளாகக் கைமாறத் தொடங்கிய பின்னர், தோட்டக் குடும்பங்களுக்கும் கார் எட்டும் பொருளாயிற்று. இன்று பிள்ளையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்லவும், மளிகைச் சாமான் வாங்கவும், நள்ளிரவில் காய்ச்சலில் துடிக்கும் குழந்தையை மருத்துவமனைக்குக் கொண்டு செல்லவும் அந்தக் கார்தான் துணை. பேருந்து வராத தோட்டத்தில் வண்டி நின்றுவிட்டால் குடும்பமே நின்றுவிடுகின்றது. ஆயினும், பட்டறைச் செலவுக்கு அஞ்சி எண்ணெய் மாற்றுவதை 'அடுத்த சம்பளத்துக்கு' என்று தள்ளிப் போடுவோர் பலர். சில மாதச் சோம்பலால் எஞ்சினே இறுகிப் போனால், அதைச் சீர்செய்யும் செலவு பழைய காரின் விலையையே எட்டிவிடக் கூடும்.

எண்ணெய் மாற்றுவது கடினமான வேலையன்று. பொறுமையும் ஒழுங்கும் உள்ள எவரும் ஒரு மணி நேரத்தில் செய்து முடிக்கலாம். ஆனால், அதைச் செய்யும் முறையை அறிந்து செய்தல் வேண்டும்.

எண்ணெய் செய்யும் வேலை

எஞ்சினுக்குள் உலோகப் பாகங்கள் ஒரு நிமிடத்திற்கு ஆயிரக்கணக்கான முறை சுழல்கின்றன. அவை ஒன்றோடொன்று நேராக உரசாதபடி இடையே மெல்லிய படலமாக நிற்பது எண்ணெய். உராய்வைக் குறைப்பது மட்டுமே அதன் பணி அன்று. சூட்டை ஏந்திச் செல்கின்றது. கரியையும் தூசியையும் தன்னுள் சேர்த்துக் கொள்கின்றது. பிஸ்டனுக்கும் சிலிண்டர் சுவருக்கும் இடையேயுள்ள நுண்ணிய இடைவெளியை அடைக்கின்றது. உட்பாகங்கள் துருப்பிடிக்காமல் காக்கின்றது.

நாட்கள் செல்லச் செல்ல எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ள காப்புப் பொருள்கள் தீர்ந்து போகின்றன. அழுக்கு மிகுகின்றது. பின்னர் எண்ணெய் கெட்டியாகி, களி போல் குழாய்களில் படிகின்றது. எண்ணெய் செல்லாத இடத்தில் உலோகம் உலோகத்தைத் தின்னத் தொடங்குகின்றது.

வடிகட்டியின் வேலையை நமக்கு விளக்கவே தேவையில்லை. சேகரித்த பாலைச் சல்லடையில் ஊற்றும்போது பட்டைத் துணுக்கும் கட்டிப்பாலும் மேலே தங்கிவிடுகின்றன அல்லவா? அதே வேலையை எஞ்சினில் மடிப்பு மடிப்பான தாள் செய்கின்றது. சல்லடை அடைத்துக் கொண்டால் பால் வழிந்து ஓடுவதை நாம் காண்கின்றோம். வடிகட்டி அடைத்துக் கொண்டால் அப்படிக் கண்ணுக்குத் தெரிவதில்லை. எஞ்சின் எண்ணெயின்றிக் காய்ந்துவிடக் கூடாதே என்பதற்காக ஒரு சிறிய வால்வு திறந்து, வடிகட்டப்படாத எண்ணெயையே உள்ளே அனுப்பிவிடும். வண்டி ஓடிக்கொண்டுதான் இருக்கும். ஆனால், அழுக்கு எஞ்சினுக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆகவே, எண்ணெயை மாற்றும் போதே வடிகட்டியையும் மாற்றிவிடுதல் நலம்.

எப்போது மாற்றுவது?

வண்டியோடு வந்த கையேட்டில் உள்ள அளவே முதன்மையானது. பழைய கார்களில் கனிம எண்ணெய் பயன்படுத்துவோர் பொதுவாக 5,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றுவர். செயற்கை எண்ணெய் அதைவிட நெடுநாள் உழைக்கும். வண்டி குறைவாக ஓடினாலும் ஆறு மாதத்திற்கு மேல் தள்ளிப் போடாதிருப்பது நல்லது.

தோட்டத்துக் கார் நெடுஞ்சாலைக் காரைப் போன்றது அன்று. செம்மண் சாலையின் புழுதி அதற்கு ஒரு பகை. லயத்திலிருந்து பெரட்டுக்கும், பெரட்டிலிருந்து பள்ளிக்கும் எனக் குறுகிய தூரமே ஓடுவது மற்றொரு பகை. எஞ்சின் முழுச் சூட்டை அடையும் முன்பே அணைக்கப்படுவதால், உள்ளே உண்டாகும் நீராவியும் எரியாத பெட்ரோலும் வெளியேறாமல் எண்ணெயிலேயே தங்கிவிடுகின்றன. ஆகவே, நம் வண்டிக்குக் கையேட்டில் 'கடின ஓட்டம்' என்று குறித்திருக்கும் குறைந்த தவணையையே பின்பற்ற வேண்டும்.

எந்த எண்ணெய்?

மலாய் மொழியில் 'மிஞாக் ஹித்தாம்', அதாவது கறுப்பெண்ணெய், என்று நாம் கேட்டு வாங்கினாலும், புதிய எண்ணெய் தேன் நிறத்திலேயே இருக்கும். டப்பாவின் மீது 20டபிள்யூ-50, 10டபிள்யூ-30 என்பன போன்ற எண்களைக் காணலாம். 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதற்கு முன்னுள்ள எண், குளிரில் எண்ணெய் எவ்வளவு எளிதாக ஓடும் என்பதைக் காட்டும். எண் சிறியதானால் ஓட்டம் எளிது. பின்னுள்ள எண், சூடேறிய எஞ்சினில் அதன் அடர்த்தியைக் காட்டும். எண் பெரியதானால் அடர்த்தி மிகுதி. 'அடர்ந்த எண்ணெயே சிறந்தது' என்ற எண்ணம் சரியன்று. புதிய எஞ்சின்களின் நுண்ணிய இடைவெளிகளுக்கு மெல்லிய எண்ணெயே ஏற்றது. கையேடு எதைச் சொல்கின்றதோ அதையே வாங்க வேண்டும்.

1300 சிசி எஞ்சினுக்கு ஏறத்தாழ 3 முதல் 3½ லிட்டர் வரை தேவைப்படும். 4 லிட்டர் டப்பா ஒன்று போதும். மிச்சம் இடையில் குறையும்போது ஊற்ற உதவும்.

தேவையான பொருள்கள்

புதிய எண்ணெய், காரின் வகைக்குரிய புதிய வடிகட்டி, வடிகால் போல்ட்டுக்கான புதிய வளையம், அளவான ஸ்பானர், 5 லிட்டருக்குக் குறையாத அகன்ற தட்டு, புனல், பழைய துணி, கையுறை ஆகியவற்றை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். போல்ட் பெரும்பாலும் 14, 17 அல்லது 19 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். பொருந்தாத ஸ்பானரால் திருகினால் போல்ட்டின் முனைகள் உருண்டு போகும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பழைய எண்ணெயைப் பிடிக்க, பால் வாளியையோ பால் சேகரிக்கும் டின்னையோ எடுத்துவிடக் கூடாது. அதில் ஒட்டியிருக்கும் எண்ணெய் பாலில் கலந்து ரப்பரின் தரத்தைக் கெடுக்கும்.

உயிர் முதலில், வண்டி பிறகு

சில கார்களின் அடியில் இயல்பாகவே கை நுழையும் அளவு இடமிருக்கும். அவற்றைத் தூக்கத் தேவையில்லை. தூக்கியே ஆக வேண்டுமானால் கீழ்க்காணும் விதிகளை மீறுதல் கூடாது.

மழையால் வெட்டு நின்ற நாளில்தான் இத்தகைய வேலைகளுக்கு நமக்கு நேரம் கிடைக்கின்றது. ஆனால், அன்றுதான் வாசல் மண்ணும் இளகியிருக்கும். இளகிய மண்ணில் ஜேக் சாயும். சாய்ந்தால் ஒரு டன் எடை மார்பின் மீது இறங்கும். ஆகவே, கெட்டியான, சமமான சிமெண்டுத் தரையிலேயே வேலையைச் செய்ய வேண்டும். அத்தகைய தரை இல்லையெனில், காய்ந்த நாள் வரும்வரை காத்திருப்பதில் இழப்பு ஒன்றுமில்லை.

கைப்பிரேக்கை இழுத்து, கியரைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் மரக்கட்டை வைத்துவிட்டு, கையேடு காட்டும் இடத்தில் மட்டும் ஜேக்கைப் பொருத்தித் தூக்க வேண்டும். ஜேக் வண்டியைத் தூக்குவதற்கே அன்றித் தாங்குவதற்கு அன்று. தூக்கியபின் இருபுறமும் இரும்புத் தாங்கிகளை நிறுத்தி, வண்டியை அவற்றின் மீது இறக்கி, அசைத்துப் பார்த்த பின்னரே அடியில் செல்ல வேண்டும். செங்கல்லையும் சிமெண்டுக் கல்லையும் ஒருபோதும் நம்பக் கூடாது. அவை எச்சரிக்கையின்றி நொறுங்கும். தாங்கிகள் இல்லாதவர் காரின் அடியில் செல்லவே கூடாது. பட்டறைக்குச் செல்வதே அறிவுடைமை. பிள்ளைகளை அருகில் விடாமல், பெரியவர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொள்வதும் நன்று.

வேலையைச் செய்யும் முறை

முதலாவதாக, எஞ்சினைச் சுமார் ஐந்து நிமிடம் ஓடவிட வேண்டும். எண்ணெய் வெதுவெதுப்பானால் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். இதை மூடிய கொட்டகையில் செய்யக் கூடாது, புகை நஞ்சாகும். வண்டியைத் தூக்க வேண்டியிருந்தால், ஓடவிட்டு அணைத்த பிறகே தூக்க வேண்டும். சாவியை எடுத்துவிட்டுப் பத்து நிமிடம் பொறுக்க வேண்டும். நெடுந்தூரம் ஓடி வந்த வண்டியாயின் இன்னும் நேரம் விட வேண்டும். கொதிக்கும் எண்ணெய் கையைப் பொசுக்கிவிடும்.

இரண்டாவதாக, மேலே எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து வைக்க வேண்டும். காற்று உள்ளே சென்றால் எண்ணெய் தடையின்றி இறங்கும்.

மூன்றாவதாக, எஞ்சினின் அடியிலுள்ள எண்ணெய்த் தொட்டியின் போல்ட்டைக் கண்டறிய வேண்டும். அருகிலேயே கியர்ப் பெட்டிக்கும் ஒரு போல்ட் உண்டு. அவசரத்தில் கியர் எண்ணெயை வடித்துவிட்டு, எஞ்சினில் மேலும் எண்ணெயை ஊற்றி, இரண்டையும் கெடுத்தவர் உண்டு. ஐயமிருப்பின் கையேட்டின் படத்தைப் பார்க்க வேண்டும். போல்ட்டின் தலையை நேராகப் பார்த்து, கடிகாரமுள் சுற்றும் திசைக்கு எதிராகத் திருகினால் கழலும். தளர்ந்தபின் கையால் உள்நோக்கி அழுத்தியவாறே திருகி, இறுதியில் விரைவாக விலக்கிக் கொள்ள வேண்டும். எண்ணெய் முதலில் சற்றுத் தள்ளிப் பாயும். அதற்கேற்பத் தட்டை வைத்திருக்க வேண்டும்.

நான்காவதாக, பதினைந்து நிமிடம் வடியவிட்டு, அந்த எண்ணெயை உற்றுப் பார்க்க வேண்டும். அது கருத்திருப்பது குற்றமன்று. அழுக்கைத் தன்னுள் ஏந்தியிருக்கின்றது என்பதற்கு அதுவே சான்று. ஆனால், உலோகத் துகள்கள் மின்னினால் எஞ்சின் தேய்கின்றது என்று பொருள். பாலும் தேநீரும் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துள்ளது என்று பொருள். பெட்ரோல் வாடை கடுமையாக வீசினால் எரிபொருள் கசிகின்றது எனலாம். இவற்றுள் எதைக் கண்டாலும் பட்டறையில் காட்டுதல் வேண்டும். பணம் கொடுத்து மாற்றும்போது நாம் காணாத இந்த அறிகுறிகளைக் காண முடிவதே, நம் கையால் செய்வதன் பெரும்பயன்.

ஐந்தாவதாக, போல்ட்டைத் துடைத்து, புதிய வளையமிட்டு, முதலில் விரலாலேயே திருக வேண்டும். பிறகு ஸ்பானரால் உறுதியாக, ஆனால் அளவோடு இறுக்க வேண்டும். முழு பலத்தையும் காட்டினால் தொட்டியின் மரை அழிந்துவிடும்.

ஆறாவதாக, பழைய வடிகட்டியைக் கழற்ற வேண்டும். அதன் விளிம்பிலுள்ள ரப்பர் வளையமும் உடன் வந்துவிட்டதா என்று பார்ப்பது மிக முக்கியம். அது எஞ்சினில் ஒட்டிக்கொண்டிருக்க, அதன் மேல் புதிய வடிகட்டியைப் பொருத்தினால், ஓடும் வழியில் எண்ணெய் முழுவதும் பீறிட்டு வெளியேறிவிடும்.

அந்த வளையத்தைப் பற்றி நாம் அறிய வேண்டிய செய்தி ஒன்று உண்டு. அது நாம் வெட்டும் பால்மரத்தின் ரப்பரன்று. சுமை தாங்குவதிலும் நெகிழ்ந்து மீள்வதிலும் இயற்கை ரப்பருக்கு இணை அரிது. அதனால்தான் லாரி டயருக்கும் விமானச் சக்கரத்திற்கும் அது வேண்டப்படுகின்றது. ஆனால், கனிம எண்ணெய் பட்டால் அது ஊறிப் பருத்து வலுவிழக்கும். ஆகவேதான் எண்ணெய்க்கு ஈடுகொடுக்கும் நைட்ரைல் என்னும் செயற்கை ரப்பரால் இத்தகைய வளையங்களைச் செய்கின்றனர். டயரிலும், எஞ்சினைத் தாங்கும் ரப்பர்க் கட்டைகளிலும் சிந்திய எண்ணெயை உடனே துடைத்துவிட வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

புதிய வடிகட்டியின் வளையத்தில் சிறிது புதிய எண்ணெயைத் தடவி, கையாலேயே திருக வேண்டும். வளையம் எஞ்சினைத் தொட்ட பிறகு முக்கால் சுற்று இறுக்கினால் பெரும்பாலும் போதும். சரியான அளவை வடிகட்டியின் மீதே அச்சிட்டிருப்பர்.

ஏழாவதாக, வண்டியைச் சமதரையில் இறக்கிவிட்டு, புனல் வழியே குறித்த அளவிலும் சற்றுக் குறைவாக எண்ணெயை ஊற்ற வேண்டும். சில நிமிடம் கழித்து அளவுக்கம்பியைத் துடைத்து மீண்டும் நுழைத்துப் பார்த்து, மேல் குறிக்கும் கீழ்க் குறிக்கும் இடையே வரும்வரை சிறிது சிறிதாகச் சேர்க்கலாம். 'கூடினால் நல்லதுதானே' என்று எண்ணக் கூடாது. அளவு மிஞ்சினால், சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை உலோகத்தைக் காக்காது.

எட்டாவதாக, மூடியை இட்டு எஞ்சினை இயக்க வேண்டும். எண்ணெய் விளக்கு சில விநாடிகளில் அணைய வேண்டும். அணையாவிடில் உடனே எஞ்சினை நிறுத்த வேண்டும். ஓரிரு நிமிடம் ஓடவிட்டு, போல்ட்டிலும் வடிகட்டியிலும் கசிவு உண்டா என்று பார்க்க வேண்டும். பிறகு நிறுத்தி, ஐந்து நிமிடம் சென்றபின் மீண்டும் அளவு பார்க்க வேண்டும். வடிகட்டி தன் பங்கை எடுத்துக் கொண்டிருக்கும், குறைவதை நிரப்பலாம். தேதியையும் ஓடிய கிலோமீட்டரையும் ஒரு நோட்டில் குறித்து வைத்தால் அடுத்த தவணை மறவாது.

மோட்டார் சைக்கிள் உள்ளவர்களுக்கு

நான்கு வீச்சு எஞ்சின் கொண்ட 100 சிசி 'கப்சாய்' வண்டிகளுக்கு ஒரு லிட்டருக்கும் குறைவான எண்ணெயே தேவை. அளவு சிறிது என்பதால் அது விரைவில் கெடும். ஆகவே தவணையும் குறுகியது. இவ்வகை வண்டிகளில் கிளட்ச் தட்டுகளும் அதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கின்றன. வழுக்கல் மிகுந்த சில கார் எண்ணெய்களை ஊற்றினால் கிளட்ச் பிடிக்காமல் வழுக்கும். எனவே, 'ஜாசோ எம்ஏ' எனக் குறித்த மோட்டார் சைக்கிள் எண்ணெயையே வாங்க வேண்டும்.

பழைய எண்ணெயை என்ன செய்வது?

வேலை இத்துடன் முடிந்துவிடவில்லை. தட்டில் நிற்கும் பழைய எண்ணெயைச் சாக்கடையிலோ, லயத்தின் பின்புறக் குழியிலோ ஊற்றிவிடுவது பலரின் வழக்கம். அது போய்ச் சேருமிடம் நாம் குளிக்கும் ஆறும், பிள்ளைகள் மீன் பிடிக்கும் ஓடையும், கிணற்று நீரும் ஆகும். ஒரு கேலன் பழைய எண்ணெய் பத்து லட்சம் கேலன் நன்னீரைக் கெடுக்க வல்லது என அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம் கணக்கிட்டுக் காட்டியுள்ளது. நம் நாட்டிலும், 1974ஆம் ஆண்டு சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின் கீழ் 2005இல் இயற்றப்பட்ட விதிகள், பழைய மசகு எண்ணெயை எஸ்டபிள்யூ 305 என்னும் குறியீட்டுடன் அபாயக் கழிவுப் பட்டியலில் சேர்த்துள்ளன.

கறையானுக்கு என்று வேலிக்காலில் பூசுவதும், குப்பையோடு எரிப்பதும், புண்ணுக்குத் தடவுவதும் அறவே விட வேண்டிய பழக்கங்களாகும். பழைய எண்ணெயில் உலோகத் துகளும் நச்சுப் பொருளும் உண்டு. அது மீண்டும் மீண்டும் தோலில் படுவது தோல் புற்றுநோய்க்கும் காரணமாகலாம். ஆகவே கையுறை அணிவதுடன், எண்ணெய் பட்ட துணியைக் கால்சட்டைப் பையில் செருகி வைப்பதையும் தவிர்க்க வேண்டும். வேலை முடிந்தவுடன் சோப்பிட்டுக் கழுவ வேண்டும். தரையில் சிந்தியதை மரத்தூள் போட்டு உறிஞ்சி, பையில் அள்ளிக் கட்டிவிட வேண்டும்.

பழைய எண்ணெயை, அது வந்த காலி டப்பாவிலேயே ஊற்றி மூடி வைக்கலாம். வடிகட்டியை ஓரிரவு கவிழ்த்து வைத்து வடித்த பின் பையில் இடலாம். நகரத்திற்குச் செல்லும் நாளில், பழைய எண்ணெய் சேகரிக்கும் பட்டறை ஒன்றில் இவற்றைக் கேட்டு ஒப்படைத்துவிட வேண்டும். உரிமம் பெற்றோர் அங்கிருந்து அதைப் பெற்றுச் செல்வர். தண்ணீரையோ பெட்ரோலையோ அதில் கலந்துவிடக் கூடாது. எண்ணெய் அழுக்கடைகின்றதே தவிர அழிந்து போவதில்லை. முறையாகச் சுத்திகரித்தால் மீண்டும் பயன்படும்.

லயத்தில் நான்கைந்து பேர் சேர்ந்து, நல்ல தாங்கிகளையும் ஸ்பானர்களையும் பொதுவில் வாங்கி வைத்துக்கொண்டால் ஒருவருக்கொருவர் துணையாக இவ்வேலையைச் செய்யலாம். பழைய எண்ணெயையும் ஒரே நாளில் திரட்டிக் கொண்டு செல்லலாம். வளர்ந்த பிள்ளைகள் அருகிருந்து கற்றுக்கொண்டால், நாளை அதுவே அவர்களுக்கு ஒரு தொழிலின் முதற்பாடமாகவும் அமையக் கூடும். கத்தியைத் தீட்டி மரத்தைக் காப்பவர்கள் நாம். அதே கவனத்தோடு காரையும் காப்போம். அதனடியில் படுத்து வேலை செய்யும் உயிரையும், அதன் கழிவு கலக்கக் கூடாத ஓடை நீரையும் காப்போம்.